பத்தாயம் போன வீட்டுக்கு ஒரு பெட்டி

போன மாசம் சென்னையிலிருந்து ஒருத்தர் போன் பண்ணினார். "உங்க ஊர்ப் பக்கம் பழைய மரப்பெட்டி, பத்தாயம் ஏதாவது விலைக்கு வருமாங்க? புது வீட்டு ஹால்ல வைக்கணும்" என்று கேட்டார். இந்த மாதிரி கேட்டவங்கள்ல இவர் மூணாவது ஆள். ஊர்ல இருக்கிறவன், மரம் மட்டை தெரிஞ்சவன்னு நம்பிக் கேக்குறாங்க. தெரிஞ்சதைச் சொல்றதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தைச் சொல்லிடணும். எங்க வீட்டுலயே ஒரு பத்தாயம் இருந்தது. அதை நான்தான் வித்தேன்.

செம்பட்டிக்கும் ஆத்தூருக்கும் நடுவுல எங்க ஊர். தாத்தா காலத்துல நெல் வயல் பதினோரு ஏக்கர் இருந்துச்சு. பங்கு பிரிஞ்சு பிரிஞ்சு என் கைக்கு வந்தது மூணரை ஏக்கர். பத்தாயமும் என் பங்குக்கு வந்தது. ஆறடி நீளம், நாலடி அகலம், என் நெஞ்சு உயரம். நாலு மூலையிலயும் கால்மரம் தேக்கு. பலகையெல்லாம் வேம்பும் வாகையும் கலந்தது. கால்மரத்துல நெடுக்க காடி வெட்டி, அதுக்குள்ள பலகையை மேலயிருந்து ஒண்ணொண்ணா இறக்கியிருப்பாங்க. பலகையில ஒரு ஆணி கிடையாது. முன்னாடி அடியில ஒரு சாண் அகலத்துக்கு ஒரு வாய். அந்தச் சின்னப் பலகையை மேல தூக்கினா நெல்லு தானா கொட்டும். அறுபது கிலோ மூட்டையில இருபத்தஞ்சு பிடிக்கும். மூடியில நாதாங்கி, அதுல திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. சாவி எப்பவும் அம்மா இடுப்புலதான்.

உள்பக்கப் பலகையில காவிக்கல்லால தாத்தா போட்ட கோடுகள் இருந்துச்சு. ஒரு மூட்டை கொட்டினா ஒரு கோடு. நாலு கோடு ஆனதும் அஞ்சாவதைக் குறுக்கே இழுப்பார். சின்ன வயசுல என்னை உள்ள இறக்கிவிட்டு அடியில தங்கின நெல்லைக் கூட்டச் சொல்வாங்க. கழுத்து முதுகெல்லாம் சுணை அரிக்கும். நான் எண்ணக் கத்துக்கிட்டது பள்ளிக்கூடத்துல இல்ல, அந்தக் கோட்டுலதான்.

அம்மா கல்யாணமாகி வந்த சமயத்துலதான் ஐ.ஆர்.8 நெல்லு வந்தது. 1966ல வெளியான ரகம். அந்த வெள்ளாமையில பத்தாயம் பத்தாம வீட்டு நடையில மூட்டை அடுக்கி வச்சிருந்தாங்களாம். அப்புறம் நிலம் பிரிஞ்சது, கிணத்துல தண்ணி இறங்குச்சு. அறுவடைக்கு மெஷின் வந்ததும் வியாபாரி களத்து மேட்டுலயே எடை போட்டுப் பணத்தைக் கொடுத்துட்டு ஏத்திக்கிட்டுப் போயிடுறான். விளைய வச்சவன் வீட்டுக்கே 25 கிலோ பை அரிசி கடையிலயிருந்து வருது. பத்தாயம் பழைய மெத்தையும் எலியும் குடியிருக்கிற இடமா ஆயிடுச்சு. என் கல்யாணத்துக்குச் சீரா வந்தது ஸ்டீல் பீரோ. அது திண்டுக்கல்லுலயே செஞ்சது. எங்க மாவட்டம் பூட்டுக்கு மட்டும் பேர் போனது இல்ல, இரும்புப் பெட்டிக்கும் பீரோவுக்கும்தான். அந்த பீரோ வந்த பிறகு மரப்பெட்டியை யாரு சீண்டினா?

2016 வடகிழக்குப் பருவமழை அப்படியே பொய்ச்சுப் போச்சு. 2017 ஜனவரியில எல்லா மாவட்டத்தையும் வறட்சின்னு அரசாங்கம் அறிவிச்சது உங்களுக்கு நியூஸ். எங்களுக்கு அது கொண்டை காய்ஞ்ச தென்னை. எண்ணூறு அடி போர் போட்டும் புகைதான் வந்தது. பொண்ணு காலேஜ் ரெண்டாவது வருஷம், பீஸ் கட்டணும். மாட்டுக்கு வைக்கோல் வாங்கணும். அப்பத்தான் ஒரு டாடா ஏஸ் வண்டி, "பழைய கதவு, நிலை, தூணு, பெட்டி எடுக்குறோம்"னு மைக் போட்டுக்கிட்டு வந்துச்சு. எட்டாயிரம் ரூபான்னான். நான் ஒம்பதுன்னு கூடக் கேக்கல.

அரை மணி நேரத்துல பலகை பலகையாப் பிரிச்சுட்டாங்க. நல்ல வேலைப்பாட்டுக்கு அதுதான் அடையாளம், ஆணி இல்லாததாலே அழகாக் கழண்டு வரும். அம்மா திண்ணையில முதுகைக் காட்டிக்கிட்டு உக்கார்ந்திருந்துச்சு. வண்டிக்காரன் பூட்டைக் கையில வச்சுக்கிட்டு "சாவி?"ன்னு கேட்டான். "காணாமப் போச்சு"ன்னுச்சு அம்மா. சாவி முந்தானை முடிச்சுல இருந்தது எனக்குத் தெரியும். நான் எதுவும் பேசல. பீஸ் கட்டியாச்சு. அம்மா ஒரு மாசம் என்கிட்ட சரியாப் பேசல. சோத்தைப் போட்டு வச்சுட்டு உள்ள போயிடும்.

பொண்ணு படிச்சு, வேலைக்குப் போயி, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கல்யாணமும் ஆச்சு. மேடவாக்கத்துல மூணாவது மாடி வீடு. ஒருநாள் போன்ல, "ப்பா, கடையில பார்க்குறதெல்லாம் அட்டையை ஒட்டி வச்ச மாதிரி இருக்கு. போர்வை தலகாணி வைக்க நல்ல பழைய மரப்பெட்டியா ஒண்ணு வாங்கிக்கிறேன், நீங்க வந்து பார்த்துச் சொல்லுங்க"ன்னா. கொஞ்சம் கழிச்சு, "நம்ம பத்தாயம் இருந்தா பலகையாவே கொண்டு வந்து இங்க மாட்டியிருக்கலாம்லப்பா"ன்னா. அவ குத்திக் காட்டணும்னு சொல்லல. அதை வித்த காசு எதுக்குப் போச்சுன்னு அவளுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. இதைப் படிச்சா தெரியும்.

காரைக்குடி போனோம். பொண்ணு, நான், எங்க ஊர் ஆசாரி அண்ணன். அவருக்கு எழுபது வயசு. மரத்தைத் தொட்டே பேர் சொல்லுவார். நத்தம், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரி, திருப்பத்தூர் வழியா பஸ். முனீஸ்வரன் கோயில் தெருவுல வரிசையா பழம்பொருள் கடைங்க இருக்கு. தூணு, நிலை, எனாமல் சட்டி, பழைய போட்டோ, ரவிவர்மா படம், மரப்பெட்டி எல்லாம் தெரு வரைக்கும் நிக்கும்.

இந்தச் சாமானெல்லாம் எப்படித் தெருவுக்கு வந்துச்சுங்கிறது பெரிய கதை. நகரத்தார் பர்மாவுல வட்டித் தொழில் பண்ணினவங்க. 1930கள்ல நெல் விலை விழுந்து கடன் திரும்பாதப்போ, கீழ் பர்மா நெல் நிலத்துல கிட்டத்தட்ட கால்வாசி அவங்க கைக்கு வந்துச்சுன்னு சொல்றாங்க. அங்கயிருந்து வந்த தேக்குலதான் இங்க வீட்டுக்கு வீடு நிலையும் தூணும் பெட்டியும். 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்ததும் தொழில் போச்சு. 1960கள்ல அங்க எல்லாத்தையும் அரசாங்கமே எடுத்துக்கிச்சு. இங்க வீடு மட்டும் நின்னுச்சு. ஒரு வீட்டுக்கு முப்பது நாப்பது பங்காளி, ஆளுக்கு ஒரு ஊரு, ஒழுகுற ஓட்டை மாத்த யார்கிட்டயும் காசு இல்ல. கடைசியில பிரிச்சு வித்துட்டாங்க. அந்தத் தெருவுல நடக்கும்போது எனக்குத் தோணினது, இவங்களுக்குப் பர்மா, எனக்கு போர்வெல். வண்டி என்னமோ ஒரே வண்டிதான்.

முதல் கடையில பொண்ணு ஒரு அலமாரியைப் பார்த்ததும் மயங்கிட்டா. கறுப்பா, பளபளன்னு, பித்தளைக் குமிழ் வச்சது. "நூறு வருஷத்துப் பீஸ்"னார் கடைக்காரர். ஆசாரி அண்ணன் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்ல. நேரா பின்பக்கம் போயிட்டார். அப்புறம் ஒரு டிராயரை உருவிக் கவுத்துப் போட்டார். நானும் அன்னிக்குத்தான் கத்துக்கிட்டேன். வெளிப்பக்கத்தை யாரு வேணா ஜோடிக்கலாம், அடிப்பக்கத்துக்கு மேக்கப் போட யாருக்கும் பொறுமை இருக்காது. டிராயர் அடிப்பலகையில வட்டம் வட்டமா ரம்பத் தடம். அது மெஷின் ரம்பம். கையால அறுத்திருந்தா தடம் நேர்க்கோடாவும் கொஞ்சம் ஏறி இறங்கியும் இருக்கும். கீல்ல இருந்த ஸ்குரூ நட்சத்திரத் தலை. அந்த மாதிரி ஸ்குரூ அமெரிக்காவுலயே 1930கள்லதான் வந்துச்சு, எங்க பக்கம் வந்தது அதுக்கு ரொம்பப் பிந்தி. ஸ்குரூ மட்டும் புதுசுன்னா யாரோ ரிப்பேர் பண்ணியிருக்கலாம், அதை வச்சு மட்டும் முடிவு பண்ண முடியாது. ஆனா இதுல முதுகுப் பலகையும் ப்ளைவுட். "கதவுங்க ரெண்டும் பழசு தங்கச்சி, மத்தது போன வருஷம் செஞ்சது"ன்னார் ஆசாரி. கடைக்காரர் சண்டை போடல, சிரிச்சார். "பழைய மரத்துல புதுசா செஞ்சது"ன்னு விலையையும் மாத்திச் சொன்னார். அப்படிச் செஞ்சு விக்கிறது தப்பே இல்லங்க. அப்படின்னு சொல்லி வித்தா சரி.

பழசுக்கு வேற அடையாளம் கை. பலகையோட உள்பக்கத்துல உள்ளங்கையை வச்சு மெதுவா இழுத்துப் பாருங்க. இழைப்புளியால தள்ளின பலகைன்னா லேசா அலை அலையா தட்டுப்படும், கண்ணுக்குத் தெரியாது. நூறு வருஷம் கை பட்ட இடம் மட்டும் தேய்ஞ்சிருக்கும். மூடியைத் தூக்குற விளிம்பு, பூட்டுக்குப் பக்கத்துல, கால் இடிக்கிற அடிச் சட்டம். எல்லா இடமும் ஒரே மாதிரி தேய்ஞ்சிருந்தா அது உப்புத்தாள் வேலை. மூலையில பலகையும் பலகையும் ரெண்டு கை விரலைக் கோத்த மாதிரி சேர்ந்திருக்கணும். அந்தக் கோர்வை கொஞ்சம் ஏற்ற இறக்கமா இருந்தா இன்னும் நல்லது, ஆள் வெட்டினதுன்னு அர்த்தம்.

மரம் என்னன்னு பார்க்கிறது தனிக் கலை. தேக்குக்கு ஒரு எண்ணெய்ப் பசை இருக்கும், மறைவா ஒரு இடத்துல நகத்தால சுரண்டினா தோல் வாசம் மாதிரி வரும். பர்மாத் தேக்குல ரேகை நெருக்கமா, நேரா ஓடும். இப்ப தோட்டத்துல சீக்கிரம் வளர்த்து வெட்டுற தேக்குல ரேகை அகலம், வெள்ளைப் பகுதி அதிகம். தோதகத்தி கறுப்பும் ஊதாவுமா வரி ஓடி, தூக்கினா கல்லு மாதிரி கனக்கும். இந்த ரெண்டு பேரையும் கேட்டுக்கிட்டுத்தான் எல்லாரும் கடைக்கு வர்றாங்க. அதனால மாமரத்துக்கும் சில்வர் ஓக்குக்கும் சாயத்தைப் பூசி அதே பேரை வச்சுடுறாங்க. என்னைக் கேட்டா வேம்பு, பூவரசு, பலா, வாகை இதுல செஞ்ச பெட்டி விலையிலயும் கம்மி, வீட்டுப் புழக்கத்துக்கும் தாராளமா தாங்கும். எங்க ஊர்ல எங்களை மாதிரி ஆளுங்க வீட்டுல இருந்ததெல்லாம் அதுதான். தேக்கு இல்லங்கிறதுனால யாரு நெல்லும் கெட்டுப் போகல.

மூணாவது கடையோட பின்பக்கக் கொட்டகையில மூணு பத்தாயம் நின்னுச்சு.

பொண்ணும் ஆசாரியும் பெட்டி பார்த்துக்கிட்டிருக்க, நான் போன்ல டார்ச் போட்டு ஒவ்வொண்ணுக்குள்ளயும் தலையை விட்டேன். எட்டு வருஷம் கழிச்சு, நூத்திச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, எங்க பத்தாயம் அங்க இருக்காதுன்னு புத்திக்குத் தெரியுது. இருந்தாலும் தலை போயிடுச்சு. முதல் ரெண்டுலயும் ஒண்ணும் இல்ல. மூணாவதுல உள்பக்கம் கரியில எழுதியிருந்தது. கோடு இல்ல, தமிழ் எண். யாரோ கணக்குப்பிள்ளை வரிசையா எழுதியிருக்கார், நடுவுல ரெண்டை அடிச்சுத் திருத்தியிருக்கார். அவர் தப்பு பண்ணினது, திருத்தினது எல்லாம் அப்படியே இருக்கு.

"அண்ணே, எதைத் தேடுறீங்க?"ன்னு கடைக்காரர் வந்துட்டார். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கழிச்சுச் சொன்னார், "பத்தாயமா வர்றது பத்தாயமாவே போறது ரொம்பக் கம்மிண்ணே. அதை வைக்கிற அளவு இடம் இப்ப யாருக்கு இருக்கு? பலகையை எடுத்து டேபிள், ஷெல்புன்னு பண்ணிடுவாங்க. ஹோட்டல்காரங்க நிறைய வாங்குறாங்க." அப்படின்னா எங்கயோ ஒரு ஹோட்டல்ல யாரோ அதுமேல காபி டம்ளரை வச்சுப் பேசிக்கிட்டு இருப்பாங்க. குனிஞ்சு பார்த்தா அடிப்பக்கத்துல தாத்தா கோடு இருக்கும். யாரு குனிஞ்சு பார்ப்பா?

பொண்ணு கடைசியில பிடிச்சது ஒரு பூவரசம் பெட்டி. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒண்ணே முக்கால் அடி உயரம். உள்ள ஒரு ஓரத்துல சில்லறை வைக்கிற சின்ன அறை, அதுக்குத் தனி மூடி. உட்பூட்டு இருக்கு, சாவி இல்ல. பக்கத்துலயே பர்மாத் தேக்குல கல்யாணப் பெட்டி ஒண்ணு இருந்துச்சு, பித்தளைப் பூ வச்சு, அறுபத்தஞ்சாயிரம். அதைத் தடவிப் பார்த்துட்டு வந்துட்டோம். பூவரசம் பெட்டிக்கு பதினெட்டரை சொன்னார், பதினஞ்சாயிரத்துக்கு முடிஞ்சுது. இந்தத் தடவை பேரம் பேசினேன்.

அமெரிக்கா, சிங்கப்பூர்ல இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. நூறு வருஷத்துக்கு மேலான பழம்பொருளைத் தனியாள் வெளிநாட்டுக்குக் கொண்டு போகக்கூடாதுன்னு 1972ல போட்ட சட்டம் இருக்கு. கடைக்காரர் "நூத்தம்பது வருஷம் சார், பார்சல் பண்ணித் தர்றேன்"னு சொன்னா, ஒண்ணு வயசு பொய், இல்லாட்டி பார்சல் வம்பு. தொல்லியல் துறையில இது பழம்பொருள் இல்லைன்னு சான்று வாங்கின பிறகு அனுப்புறதுதான் முறை.

பெட்டியை நேரா சென்னைக்கு அனுப்ப ஆசாரி விடல. "பதினஞ்சு நாள் உன் வீட்டுல கிடக்கட்டும்"னார். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து நடையில நாலு செங்கல் மேல தூக்கி வச்சு, அடியில கறுப்புத் துணி விரிச்சோம். ஆறாம் நாள் காலையில ஒரு மூலைக்கு நேரா கீழ, மாவு சலிச்ச மாதிரி ஒரு சிட்டிகை. வண்டு உசுரோட இருக்கு. பழைய ஓட்டை இருக்கிறதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பழைய பெட்டின்னா ஓட்டை இருக்கத்தான் செய்யும். ஓட்டையோட உள்விளிம்பு கறுத்திருந்தா பூச்சி எப்பவோ போயிடுச்சு. வெளிறி, புது மாவு கொட்டினாத்தான் வினை. பெரும்பாலும் அது வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும், வைரம் பாய்ஞ்ச கட்டைப் பக்கம் போகாது. எங்க பெட்டியிலயும் அடிச்சட்டத்துல ஒரு ஓரம் வெள்ளை இருந்துச்சு. ஆசாரி அந்த ஓரத்தைச் செதுக்கி எடுத்துட்டு, வேற பூவரசுத் துண்டு வச்சு ஒட்டினார். அப்புறம் வெண்காரமும் போரிக் ஆசிட்டும் சுடுதண்ணியில கரைச்சு, பாலிஷ் இல்லாத உள்பக்கமும் அடிப்பக்கமும் மூணு தடவை பூசிக் காய வச்சார். பாலிஷ் மேல பூசினா உள்ள இறங்காது, வேஸ்ட். நிழல்லதான் காய வைக்கணும், சித்திரை வெயில்ல போட்டா பலகை வாய் பிளந்துடும்.

அம்மா இதையெல்லாம் பார்த்துக்கிட்டே இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு சொல்லுச்சு. "அதுல அரிசி பருப்பு வைக்க வேணாம்னு அவகிட்ட சொல்லு." எனக்குச் சட்டுன்னு புரியல. அப்புறம் ஞாபகம் வந்துச்சு. அம்மா வந்த புதுசுல நெல்லுக்கு வேப்பிலை, நொச்சி இலை, சாம்பல், வசம்புதான். அப்புறம் ஒரு வெள்ளைப் பவுடர் வந்துச்சு, பி.எச்.சி. பத்து சதவீதம்னு பேர். அதை வாங்கிட்டு வந்து பத்தாயத்துக்கு உள்ளயும் மூலையிலயும் அப்பா கையாலயே தூவுவார். அதுக்கு மேலதான் நெல்லு. அதைத்தான் நாங்க எல்லாரும் சாப்பிட்டோம். 1997ல அந்த மருந்தையே நாட்டுல தடை பண்ணிட்டாங்க. மரத்துக்குள்ள ஊறினது சீக்கிரத்துல போகாது. அதனால நீங்க வாங்குறது தானியம் இருந்த பெட்டின்னா, எவ்வளவு அழகா இருந்தாலும் சாப்பாட்டுச் சாமான் அதுல வேணாம். குழந்தைத் துணியும் வேணாம். ஈரத்துணியால நாலு தடவை துடைச்சு, உள்ள ஒரு துணி விரிச்சு, புத்தகமோ போர்வையோ வையுங்க. பழைய பச்சை, நீலப் பெயிண்ட் அடிச்ச பெட்டியும் இப்படித்தான். அந்தக் காலப் பெயிண்ட்டுல ஈயம் இருக்கலாம், அதுக்கு இங்க கட்டுப்பாடு வந்ததே 2017லதான். வீட்டுக்குள்ள வச்சு உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, அந்தத் தூசி பிள்ளைங்க மூக்குக்குத்தான் போகும். உரிக்காம அப்படியே விட்டுடுங்க, அதுக்கும் ஒரு அழகு இருக்கு.

சாவிக்கு திண்டுக்கல் நாகல் நகர் போனேன். உட்பூட்டை மட்டும் கழட்டி மஞ்சப்பையில எடுத்துக்கிட்டேன். ஒரு சந்துக்குள்ள ஒரு பெரியவர். வெத்துச் சாவித் துண்டை உள்ள விட்டுத் திருப்பி, வெளிய எடுத்து வெளிச்சத்துல பார்த்து, பூட்டு கடிச்ச தடம் இருக்கிற இடத்துல அரத்தால ராவி, திரும்பவும் விட்டு, திரும்பவும் ராவி, முக்கால் மணி நேரத்துல டொக்குன்னு திருப்பினார். மூணு நாலு தலைமுறையா எங்க ஊர் கை அது. 2019ல திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தாங்க, பேப்பர்ல போட்டோ வந்துச்சு. ஆனா அலிகார்ல இருந்து வர்ற பூட்டு விலைக்கு இவரால செய்ய முடியாது, பையன் பனியன் கம்பெனிக்குப் போயிட்டான்னார். முன்னூறு ரூபா கேட்டார். அதனால உங்களுக்கும் சொல்றேன், சாவி இல்லைன்னு பூட்டை உடைக்காதீங்க, புதுசா கொண்டி அடிக்காதீங்க. பழைய பூட்டு போச்சுன்னா பெட்டியில பாதி போச்சு.

பாலிஷ்னு பெருசா ஒண்ணும் பண்ணல. பழைய அரக்குப் பாலிஷ் கொஞ்சம் மங்கியிருந்தது, ஆசாரி அதையே ஸ்பிரிட் தொட்டுத் துணியால இழுத்து விட்டார். மேல வார்னிஷ் அடிச்சுப் பளபளன்னு ஆக்குறது அவருக்குப் பிடிக்காது. தேங்காய் எண்ணெய் தேய்க்கிறவங்க இருக்காங்க, கொஞ்ச நாள்ல பிசுபிசுன்னு ஆகி அழுக்கு ஒட்டும், நாத்தமும் அடிக்கும்.

எல்லா வேலையும் முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலம் அம்மா பெட்டிகிட்ட வந்துச்சு. மூடியைத் தூக்கி உள்ள தலையை விட்டு மோந்து பார்த்துச்சு. "பூவரசு"ன்னுச்சு. "எங்கப்பன் வீட்டுல இந்த மாதிரி ஒண்ணு கிடந்துச்சு. வேட்டி வைப்பாரு." அப்புறம் விலை கேட்டுச்சு. சொன்னேன். ரெண்டு கையையும் விரிச்சு நீளத்தை அளந்து பார்த்துச்சு.

"இது அதுல கால்வாசி கூட இல்ல. அதை எட்டாயிரத்துக்குக் கொடுத்த."

எட்டு வருஷத்துல அதைப் பத்தி அம்மா வாய் திறந்தது அன்னிக்குத்தான். கோபமா சொல்லல, கணக்குச் சொல்ற மாதிரி சொல்லுச்சு. நான், "பாப்பா பீஸு..."ன்னு ஆரம்பிச்சேன். "தெரியும்டா, தெரியாமலா இருந்தேன்"ன்னு சொல்லிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிடுச்சு. பத்தாயத்துச் சாவி இப்பவும் அம்மா முந்தானையிலதான் இருக்கு, பீரோ சாவியோட சேர்த்து. நானும் கேட்கல.

பெட்டியைப் பழைய வேட்டி, வைக்கோல் சுத்தி பார்சல் லாரியில அனுப்பினோம். அங்க போயி ஒரு கூத்து. லிப்டுக்குள்ள போகல. கடையில நின்னு நீள அகலம் எல்லாம் அளந்த நாங்க, லிப்டை அளக்கல. மாப்பிள்ளையும் வாட்ச்மேனும் மூணு மாடி தூக்கியிருக்காங்க. நீங்க கடைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க வீட்டு வாசல், மாடிப்படி திருப்பம், லிப்டு மூணையும் அளந்து ஒரு சீட்டுல எழுதிக்கிட்டுப் போங்க. பத்தாயம் கேட்ட சென்னைக்காரருக்கும் இதைத்தான் முதல்ல சொன்னேன். பலகையாப் பிரிச்சு மாட்டுற வகையா இருந்தா வாங்குங்க, ஆனா பிரிக்கிறப்ப ஒவ்வொரு பலகைக்கும் சாக்பீஸ்ல நம்பர் போட்டு போட்டோ எடுத்துக்கங்க, உள்பக்கம் எதாவது எழுதியிருந்தா துடைச்சுடாதீங்கன்னேன். அவர் பதினஞ்சு நிமிஷம் கேட்டுக்கிட்டு இருந்தார்.

பொண்ணு போட்டோ அனுப்பியிருந்தா. ஜன்னலுக்குக் கீழ பெட்டி, மேல ஒரு மெத்தைத் துணி, அதுமேல லேப்டாப். உள்ள போர்வை, தலகாணி. சில்லறை அறையில போன் சார்ஜர் எல்லாம் சுருட்டி வச்சிருக்கா. சுவத்தை விட்டு நாலு விரல் தள்ளி வைக்கச் சொல்லியிருந்தேன், ஒட்டி வச்சிருக்கா. மழைக்காலத்துல ஓதம் ஏறும், நகத்திடுன்னு சொன்னேன். வாரம் ஒருதடவை கீழ குனிஞ்சு பார்க்கணும், மாவு கொட்டினா உடனே சொல்லணும்னும் சொல்லியிருக்கேன். இதுவரைக்கும் கொட்டலையாம்.